எலி கடிக்காத ஒயர்

சூடான தூசியின் வாசனை வீடு முழுக்க அடிக்கிறது. கூடவே ஈரத் துணியின் வாடை. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. அதோடு கோபம் மாதிரி ஒன்றும் வந்தது. அது கோபம்தானா என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தபோதே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவள் இல்லை நீ. இப்போது மட்டும் சொல்லிவிடப் போகிறாயா?

பரணில் இருந்த துணி காயவைக்கிற பெட்டியை இறக்கிவிட்டேன். நம் பெண் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதமாகிறது, பேரனுக்கு இரண்டு மாதம். ஐப்பசித் தூறல் எட்டு நாளாக விடவில்லை. காலையில் கொடியில் போட்ட துணி சாயந்திரமும் அப்படியே சொட்டிக்கொண்டிருக்கிறது. கட்டில் கால், நாற்காலி முதுகு, ஜன்னல் கம்பி என்று எங்கே திரும்பினாலும் குழந்தையின் ஈரத் துணி முகத்தில் படுகிறது. "புதுசா ஒன்னு ஆன்லைன்ல போட்டுடலாம்பா" என்றாள் உன் பெண். பேக்டரியில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது புதிதாக வாங்குவதா? வீம்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

பெட்டி வீட்டுக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. தங்கச் சுரங்க ஆபீசர் ஒருவர் பங்களாவைக் காலி செய்தபோது வேண்டாமென்று வெளியே வைத்த சாமான்களில் அது கிடந்தது. இடுப்பு உயரத்துக்கு இரும்புப் பெட்டி, வெளிநாட்டுச் சரக்கு. அடியில் சின்ன விசிறி, அதன்மேல் சூடேறும் சுருள்கம்பி, உச்சியில் குடைக்கம்பி மாதிரி விரிகிற நாலு கை. துணியைத் தொங்கவிட்டு உறையை மாட்டினால் ஒரு மணி நேரத்தில் மொறமொறவென்று காய்ந்துவிடும். சைக்கிள் கேரியரில் கட்டி மாரிகுப்பம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிவிட்ட நம் லைன் வீட்டுச் சனமெல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நீ வாசலில் நின்றபடி, "இன்னாங்க இது, பீரங்கி மாதிரி கீது?" என்றாய். நம் பெண் அப்போதுதான் தத்தித்தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த ஒரு மழைக்காலம்கூட அது முழுதாக ஓடவில்லை. ஒருநாள் ஷிப்ட் முடித்து வந்தபோது, "எலி ஒயர கடிச்சிடுச்சிங்க, உள்ளேயே செத்தும் கிடக்குது போல, நாறுது" என்றாய். எலி என்றால் நான் பத்தடி தள்ளி நிற்பேன் என்று உனக்குத் தெரியும். ஆனையையே பிரித்து மாட்டுவேன் என்று சவடால் பேசுகிறவன் அந்தப் பெட்டிப் பக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டு மேரியின் வீட்டுக்காரரை விட்டுப் பரணில் ஏற்றச் சொன்னாய். அதற்கப்புறம் எப்போதாவது எனக்கு ரோஷம் வந்து ஏணியை எடுத்தால், உடனே உனக்குக் குழாய் ஒழுகும், கதவு கீல் கிறீச்சிடும், தையல் மிஷினுக்கு எண்ணெய் போட வேண்டியிருக்கும். இப்படியே இருபத்தேழு வருஷம் போய்விட்டது.

போன வாரம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு அடித்தகட்டைக் கழற்றினேன். எலி இல்லை. எலும்பில்லை, புழுக்கை இல்லை, எலி வந்து போனதற்கு ஒரு தடயம்கூட இல்லை. உள்ளே வரும் ஒயர் மட்டும் அறுந்திருந்தது. அறுந்திருந்தது என்பது தப்பு, வெட்டியிருந்தது. கத்தரிக்கோலால் ஒரே வெட்டு. இரண்டு முனைகளிலும் உன் தையல் டப்பாவில் இருக்கும் வெள்ளை நாடாவைச் சுற்றி, ஊசி நூலால் தைத்தும் வைத்திருந்தாய். என் மிஷின் ஷாப்பில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் இன்சுலேஷன் சுற்றினதில்லை.

ஸ்க்ரூடிரைவர் கேட்டால் ஸ்பேனரை நீட்டுகிறவள் நீ. எப்போது இதைத் திறந்தாய்? எதற்கு வெட்டினாய்? அடுத்தவர் பங்களாவில் கழித்துப் போட்ட சாமான் என்று பிடிக்கவில்லையா? பொதுக் கொடியில் துணி போடுகிற சாக்கில் பெண்களோடு பேசும் அரைமணி நேரம் போய்விட்டதென்றா? அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்கே கொடுத்திருக்கலாமே. சனிக்கிழமை தவறாமல் பரணில் ஏறித் தூசி தட்டினாயே, அது எதற்கு?

மேரியிடம் போய்க் கேட்டேன். வயசாகிவிட்டது, காதும் மந்தம். "பொட்டிய பத்தி எங்கிட்ட ஒன்னும் சொன்னதில்ல அண்ணே. ஆனா அது ஓடுற நேரத்துல அண்ணி பாப்பாவ தூக்கிக்கினு எங்க ஊட்டுக்கு வந்துடும். நிறுத்தனப்புறந்தான் போவும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நான் இன்னாத்த கண்டேன்?" என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். கேட்டதற்கப்புறம் குழப்பம் ஒரு சுற்று கூடித்தான் போயிற்று.

குழம்பினாலும் கை சும்மா இருக்குமா? ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் அலைந்து சுருள்கம்பி வாங்கினேன், விசிறியின் அச்சு ஆடாமலிருக்கப் புஷ் கடைந்து போட்டேன், ஒயரைப் புதிதாக மாற்றினேன். முந்தாநாள் காலை சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது, கம்பி சிவந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் பெண் குளியலறையிலிருந்து வெறுங்காலோடு, பிழிந்த துணியோடு வந்தாள். உறையைத் தூக்கப் பெட்டியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"அப்பா, ஜிவ்வுங்குது."

நான் சிரித்தேன். "ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும். எர்த் குடுத்திருக்கேன், பயப்படாத" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இதே வார்த்தையை இதே சிரிப்போடு நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை அது எனக்கு ஞாபகமே இல்லை, சத்தியமாக இல்லை. நீ ஒருதரம் சொன்னாய், சிரித்தேன். இரண்டாம் தரம் சொன்னாய், ரப்பர் செருப்புப் போட்ட காலோடு போய் நானே தொட்டுக் காட்டி, "எங்க ஜிவ்வுங்குது?" என்று கேலி செய்தேன். மூன்றாம் தரம் நீ பெட்டியைப் பற்றிப் பேசவில்லை, உன் அப்பாவைப் பற்றிப் பேசினாய். "எங்கப்பா செட்டுல ஒருத்தர் சத்தம் சரியில்லன்னு சொன்னா, மொதல்ல எல்லாரும் வெளிய வந்துடுவாங்க. ஏன் எதுக்குன்னு அப்புறந்தான் கேப்பாங்க" என்றாய். உன் அப்பா சுரங்கத்தில், பாறை தானாக வெடித்துச் சிதறுகிற ஆழத்தில் வேலை பார்த்துவிட்டு முழு உடம்போடு வீடு வந்த மனிதர். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது மைன் இல்லடி, ஊடு" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கொல்லைப்புறம் போய்த் தோண்டினேன். லைன் வீடுகளில் எல்லாரையும் போல நானும் கம்பெனிக் காலத்து இரும்புத் தண்ணீர்க் குழாயில் கிளிப்பைப் போட்டுத்தான் எர்த் எடுத்திருந்தேன். கிளிப் அப்படியேதான் இருந்தது. குழாய்தான் இல்லை. மண்ணுக்குள் இரண்டடி போனதும் அறுத்துவிட்டு, அங்கிருந்து பிளாஸ்டிக் குழாயைச் சொருகியிருந்தார்கள். கசிகிற கரண்டு மண்ணுக்குள் இறங்கச் சரியான வழியே இல்லை. என்றைக்கு மாற்றினார்கள் என்று மேரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது: நம் பெண் நடக்கப் பழகிய அந்த வருஷம், மழைக்கு முன்னால். குழாய் மாறியது எனக்கும் தெரியும். அதற்கு வெட்டிய பள்ளத்தைத் தாண்டித்தானே தினமும் ஷிப்டுக்குப் போனேன். அதையும் என் எர்த்தையும் சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை.

ஆக, தத்தி நடக்கிற குழந்தை தொடக்கூடிய உயரத்தில் கரண்டு கசிகிற இரும்புப் பெட்டியை நட்டுவைத்துவிட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நீ கத்தரிக்கோலை எடுத்தாய். என்னிடம் நாலாவது தரம் சொல்வதைவிட எலி மேல் பழி போடுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்புறமும் புரியாதது ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், "அவரு கை வெச்சா ஓடாதது எதுவுமில்ல" என்பாயே. என்னை நம்பித்தான் சொன்னாயா? இல்லை, இந்த ஆளுக்கு இதுவாவது இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாயா? ஒரு நாள் திட்டியிருக்கலாம். "உன் சிரிப்பால பாப்பா போயிருக்கும்யா" என்று என் சட்டையைப் பிடித்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். மரியாதையா, பயமா, இவனிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்ற அலுப்பா? எதை எடுத்தாலும் பாதிதான் பொருந்துகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க உன் பக்கத்திலேயே இருந்தேன், அப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது. நீ சொல்லாமல் போனது நல்லதுக்கா என்றும் தெரியவில்லை.

நேற்று எலக்ட்ரீஷியனை வரவழைத்து, குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டிப் புது எர்த் போட்டாயிற்று. கசிவு வந்தால் தானாக விழுகிற சுவிட்சும் மாட்டியாயிற்று. இன்று காலை முதல் ஆளாக நான்தான் வெறுங்காலில் நின்று ஈரக் கையால் தொட்டேன். ஒன்றுமில்லை. இப்போது உன் பேரன் துணி காய்ந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கும்போதே உன் பெண் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள், மிக்ஸி சத்தம் ஏதோ மாறுகிறதாம். பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்டேன். அவள் கரண்டியும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாப்பா, நீ சிரிக்கவே இல்ல?" என்றாள்.