விண்ணப்பத்தில் நான் எழுதாத சமையல்காரர்

அண்ணே,

அடுத்த மாதம் எனக்கு ரயில்வேயிலிருந்து ஓய்வு. ஊருக்குக் கப்பலேறுமுன் பெட்டிகளை ஒழித்துக் கொடுக்கச் சொல்லி வீட்டில் ஒரே நச்சரிப்பு. இன்று காலை பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனையோடு மேலேயே கிடந்தது நம்முடைய விண்ணப்பத்தின் பிரதி. என் கையெழுத்து, என் ஆங்கிலம். 'தலைவரின் முன்னாள் உத்தியோகம்' என்ற இடத்தில் நான் எழுதியிருந்த சொல்லின்மேல் கறுப்பு மையில் ஒரு கோடு. கோடு போட்டவர் அந்தத் துரை, போட வைத்தவர் நீங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "என்ன, பெட்டி முடிஞ்சுதோ?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். நான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. உங்களுக்கு ஒரு கடிதம் பாக்கி இருப்பதாக இத்தனை நாளும் மனசுக்குள் ஒரு அரிப்பு. எழுதிவிடுகிறேன்.

பதினாலாம் வருஷத்துப் பெரிய யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலுக்கு நீங்கள் வந்தது ஞாபகம் இருக்கிறது. பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லோரும் செந்தூல் ரயில் பட்டறையிலும் தோட்டங்களிலும் வேலை செய்கிற நம் ஆட்கள்.

"கிராணியாரே, நாங்க பஸ்ரா சண்டைக்குப் போய்ட்டு வந்தவங்க. சங்கம் ஒண்ணு வைக்கணும். இங்கிலீஷ் எழுத ஆள் இல்ல. நீங்கதான் செகரட்டரியா இருக்கணும்" என்றீர்கள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆபீசில் பேனா பிடிக்கிற யாழ்ப்பாணத்துக் கிராணிக்கு அவனுடைய இங்கிலீஷைப் புகழ்ந்தால் போதும், வேறு எதுவும் தர வேண்டாம். "சரி, தலைவர் ஆர்?" என்று கேட்டேன். அத்தனை பேரும் உங்களைப் பார்த்தார்கள்.

"அண்ணைக்குப் பட்டாளத்தில என்ன உத்தியோகம்?"

"சமையலு" என்றீர்கள், ஸ்டேஷன் மாஸ்டர் என்று சொல்வது போல.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கு எதுதான் தெரியாமல் போனது?

வந்திருந்தவர்களில் துப்பாக்கி பிடித்தவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் பஸ்ராவுக்கு அப்பால் ஈராக் பாலைவனத்தில் தண்டவாளம் போட்டவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், அடிபட்டவர்களை டோலியில் தூக்கியவர்கள், சிப்பாய்களின் உடுப்பைத் துவைத்தவர்கள். அவர்களுக்குப் பட்டாளத்தில் தனிப் பட்டியல். திரும்பி வந்தபிறகு அந்தப் பட்டியலை யாரும் தேடவில்லை. துப்பாக்கிக்காரருக்குத் தாமே தலைவராக வேண்டும் என்று ஆசை. "சமையக்காரன் தலைவருன்னா ஊரு சிரிக்காதா?" என்று அவர் கேட்டார். டோலி தூக்கிய பெரியவர் ஒருவர் எழுந்தார். "ஊரு சிரிக்கட்டும்லா. துப்பாக்கிக்காரங்க யாரும் எங்க பேரக்கூடக் கேட்டதில்ல. இவருக்கு எங்கள்ல யார் யாருக்குக் காரம் ஆகாதுன்னு தெரியும்" என்றார். தேர்தல் அதோடு முடிந்தது.

எனக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. பஞ்சாபிக்காரர்களின் சங்கத்துக்கு ஒரு சுபேதார் தலைவர். தாடியை முடிந்து, மார்பில் பதக்கங்களோடு அவர் நடந்து வந்தால் துரைமார் எழுந்து கை கொடுப்பார்கள். பக்கத்தில் நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, விரலில் மஞ்சள் கறையோடு நிற்பீர்கள். நான் இரண்டடி தள்ளி நிற்பேன்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு செந்தூலில் கூட்டம். முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு. "வயிறு காஞ்சவன்கிட்ட தீர்மானம் கேக்காதீங்க கிராணியாரே, கோவத்துல கைய தூக்கிப்புடுவான்" என்பீர்கள். எல்லோரும் வரிசையாக இலை போட்டு உட்காருவார்கள். நான் மட்டும் நாற்காலியில், மடியில் குறிப்புப் புத்தகத்தோடு. "வீட்டில சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான், அண்ணை." ஒவ்வொரு மாதமும் அதே வாக்கியம். யார் கையால் சமைத்தது என்று பார்த்துத்தான் எங்கள் வீடுகளில் கை நனைப்பார்கள். நான் உங்கள் சாதியைக் கேட்டதில்லை. கேட்காமலே முடிவுசெய்துவிடுவதுதான் எங்கள் சாமர்த்தியம். ஆனால் மூக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. உங்கள் மீன்குழம்பு கொதிக்கிற வாசனையில் இரண்டு தீர்மானங்களைத் தப்பாக எழுதியிருக்கிறேன்.

பிறகு நம் சங்கத்து முனியாண்டியின் காரியம் வந்தது. அவனுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. பட்டறையில் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்திருந்தார்கள். புதிதாக வந்த மேலாளுக்கு ஒற்றைக் கைக்காரன் பிடிக்கவில்லை. வேலை போயிற்று. மாதம் முடிவதற்குள் பட்டறை ஆட்களுக்கான லயத்து வீட்டையும் காலிபண்ண வேண்டும். அவன் மனைவி பாக்கியத்துக்கு அப்போது நிறைமாதம், ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். கிள்ளான் போகிற பாதையில் ஒரு ரயில்வே கேட்டுக்குக் காவலாள் வேண்டும் என்று என் ஆபீசில் கேள்விப்பட்டேன். கேட்டோடு சேர்ந்து ஒரு சின்ன வீடு. யுத்தத்தில் அடிபட்டவனுக்கு முதல் உரிமை. ஆனால் முனியாண்டியின் பட்டாளத்துத் தாள்கள் கப்பலிலேயே தொலைந்திருந்தன. கள்ளுக்கடையில் விழுந்து போன கை என்று பட்டறையில் யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

கை போனது யுத்தத்தில்தான் என்பதற்கு நீங்களே சாட்சி என்று சங்கத்தின் பேரில் நான் விண்ணப்பம் எழுதினேன். தலைவரின் முன்னாள் உத்தியோகம் என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன். சமையல்காரன் சொல்லி ஒரு துரை கேட்பாரா? 'அவில்தார், பஸ்ரா டிப்போ' என்று எழுதினேன். டிப்போ என்று சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. மறுநாள் தாளை உங்களிடம் நீட்டினேன். உங்களுக்கு ஆங்கிலம் படிக்க வராது.

"எந்த எடத்துல கையெழுத்துன்னு மட்டும் காட்டுங்க" என்றீர்கள். நான் காட்டினேன்.

விசாரணைக்குக் கிள்ளானுக்கு வரச்சொன்னார்கள். காலை ஆறு மணி ரயிலில் முனியாண்டியையும் சேர்த்து நாம் மூன்று பேரும் புறப்பட்டோம். உங்கள் கையில் ஒரு தூக்குச் சட்டி. விசாரித்த துரை பழைய பட்டாளத்து ஆள். தாளை ஒருமுறை படித்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கள் தலைவர் பஸ்ரா டிப்போவில் அவில்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இவனுக்கு அடிபட்டது முன்னணியில் என்கிறீர்கள். டிப்போவிலிருந்து அது நாலு நாள் பயணம். கண்ணால் பார்க்காதவருடைய சாட்சி எனக்கு எதற்கு?"

தாளை மடிக்கத் தொடங்கினார். கெட்டிக்காரத்தனமாக நான் சேர்த்த ஒரு வரி, முனியாண்டிக்கு இருந்த ஒரே சாட்சியைச் சாட்சி இல்லாமல் ஆக்கிவிட்டது.

"என்ன சொல்றாரு? யாரு அவுல்தாரு?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு சொல் உங்களுக்குப் புரிந்திருந்தது.

"உங்களைத்தான், அண்ணை. நான்தான் அப்பிடி எழுதிப்போட்டன்."

என்னைப் பார்த்தீர்கள். அதிக நேரம் இல்லை. பிறகு துரை பக்கம் திரும்பி, காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்றீர்கள்.

"நோ அவில்தார், சார். லங்கிரி."

பட்டாளத்தில் சமையல்காரனுக்கு அந்தப் பெயர் என்று அப்போது எனக்குத் தெரியாது. துரைக்குத் தெரிந்திருந்தது. மடித்த தாளைத் திரும்பப் பிரித்தார். "அப்படியென்றால் இதை இப்படி எழுதியது யார்?" என்று கேட்டார். பொய்யான தகவல் எழுதிக் கொடுத்த அரசாங்கக் கிராணிக்கு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "மிஸ்டேக், சார். பேசுறப்ப ஆயிப்போச்சு" என்று நீங்கள் முந்திக்கொண்டீர்கள். எனக்குத் தெரிந்து நீங்கள் சொன்ன ஒரே பொய் அது. அதையும் எனக்காகத்தான் சொன்னீர்கள்.

பிறகு நடந்ததைச் சொன்னீர்கள். நான் மொழிபெயர்த்தேன்.

"தண்டவாளம் போடுற ஆளுங்க நாப்பது பேரு, சார். முந்தின நாள்லேர்ந்து பட்டினி. அண்டாவுல கம்பு குடுத்து நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போனோம். முன்னால நான், பின்னால இவன். குண்டு விழுந்துச்சு. என்னைத் தூக்கிப் போட்டுருச்சு. எந்திரிச்சுத் திரும்பிப் பாத்தேன்." தோள் துண்டைச் சரிசெய்துகொண்டீர்கள். "மொதல்ல சோத்தத்தான் பாத்தேன், சார். மண்ணுல கொட்டிக் கெடந்துச்சு. அப்புறந்தான் இவன் கையப் பாத்தேன்."

எனக்கு மொழிபெயர்க்க வரவில்லை. துரை, "என்ன சொன்னார்?" என்று இரண்டு தரம் கேட்டார். எப்படியோ சொல்லி முடித்தேன்.

அதுவரை தலையைக் குனிந்து நின்ற முனியாண்டி மெதுவாகச் சொன்னான்: "நானும் சோத்தத்தாண்ணே பாத்தேன்."

இத்தனை வருஷம் ஒன்றாகத் திரிந்தவர்கள் நீங்கள் இருவரும். இதைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதே இல்லை என்பது உங்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினீர்கள், துரை முன்னால் நிற்கிறோம் என்பதையும் மறந்து.

அவன் கடைசியாகச் சொன்னதைத் துரை என்னிடம் கேட்கவில்லை. பேனாவை எடுத்து 'அவில்தார்' என்பதன்மேல் கோடு போட்டார். மேலே 'சமையல்காரர், கண்ணால் கண்ட சாட்சி' என்று தன் கையாலேயே எழுதினார். பிரதியிலும் அப்படியே செய்து என்னிடம் திருப்பித் தந்தார். முதல் தேதி கேட்டில் வந்து நிற்கச் சொல்லி முனியாண்டிக்கு உத்தரவாயிற்று.

அவனுக்கு அப்போதே கேட்டைப் பார்க்க வேண்டும். தண்டவாளத்தை ஒட்டியே நடந்து போய்விட்டான். நாம் இருவரும் கிள்ளான் ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்தோம். மணி இரண்டு தாண்டியிருந்தது. திட்டப்போகிறீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏன் கிராணியாரே, சமையக்காரன்னு எழுத வெக்கமா இருந்துச்சா?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டீர்கள்.

"அப்பிடி ஒண்டும் இல்லை, அண்ணை. உங்கட நல்லதுக்குத்தான் எழுதினனான்."

"என் நல்லதுக்குன்னா சரி. ஆனா தண்ணி தூக்குனவன், துணி தொவச்சவன், இவனுங்களுக்கெல்லாம் என்ன எழுதுவீங்க? எல்லாத்தையும் அவுல்தாரு ஆக்கிருவீங்களா?" என்று சிரித்தீர்கள். தூக்குச் சட்டியைத் திறந்தீர்கள். எலுமிச்சம் சோறு. பாதியை மூடியில் எடுத்துவைத்து என் பக்கம் நகர்த்தினீர்கள்.

"வீட்டில சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்" என்றேன்.

வாயிலிருந்து வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது. விடியற்காலையிலிருந்து நான் உங்கள் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். மூடியை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தீர்கள். "பசி வந்தா சொல்லுங்க" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எல்லாத் தாளிலும் 'சமையல்காரர்' என்றே எழுதினேன். என் பேனாவுக்கு அது பழகிவிட்டது, வாய்க்குப் பழகவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோதும், மூச்சு வாங்கிக்கொண்டு, "சாப்டீங்களா கிராணியாரே?" என்று கேட்டீர்கள். "ஓம் அண்ணை, சாப்பிட்டிட்டன்" என்றேன். பழக்கதோஷம். மூன்றாம் நாள் நீங்கள் இல்லை.

அன்றைக்குக் கிள்ளானில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஆமாம் அண்ணே, வெட்கமாகத்தான் இருந்தது. நான் வெட்கப்பட்டது உங்கள் வேலையைப் பார்த்து. வெட்கப்பட்டிருக்க வேண்டியது என்னைப் பார்த்து.

உங்கள் பதினாறாம் நாளுக்குச் சங்கத்தார் செந்தூலில் சமைத்தார்கள். நான் போனேன். பாக்கியம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "நாற்காலி வேண்டாம், இலை போடுங்கோ" என்றேன். அவளுக்குக் கை ஓடவில்லை. முனியாண்டி நகர்ந்து இடம் கொடுத்தான். அவன் இடது கையால் சாப்பிடுகிறவன். முன்பெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்கு அவன் தோள் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினேன்.

சாம்பாரில் உப்புத் தூக்கலாக இருந்தது. வரிசை முழுக்க அதே பேச்சு. அண்ணன் வைத்தால் இப்படியா இருக்கும் என்று ஒருவர். ரசம் என்றால் அவர் வைப்பதல்லவா ரசம் என்று இன்னொருவர். எதிரே புதிதாகச் சங்கத்தில் சேர்ந்த ஒருவர் என்னைப் பார்த்து உற்சாகமாகக் கேட்டார்: "நீங்க சொல்லுங்க கிராணியாரே. பன்னெண்டு வருசம் கூடவே இருந்தவரு நீங்க. நம்ம அண்ணே கைப்பக்குவம் யாருக்காவது வருமா?"

முனியாண்டி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வரிசையில் இருந்தவர்களில் உங்கள் கைச் சோற்றின் ருசி தெரியாதவன் நான் ஒருவன்தான், அண்ணே.