கழுகுச் சின்னம் போட்ட மிதியடி

சான் ரமோன்,
அக்டோபர் 1998

அன்புள்ள வசந்தாமணிக்கு, சுப்பையன் எழுதுவது. மகன் அகிலன், மருமகள் எழிலரசி, பேத்தி தென்றல் மூவரும் சுகம்.

நான் மாதிரிக்குக் கொடுத்த மிதியடியைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஒரு அம்மாள் சுருட்டி எடுத்துப் போய்விட்டார். அதனால்தான் போனில் தறியை நிறுத்தச் சொன்னேன். காரணம் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

அவர் இந்த மண்ணின் பழங்குடியைச் சேர்ந்தவர். தென்றல் படிக்கும் பள்ளியின் பெயரே அவர்கள் மொழிச் சொல்தான். கழுகு இறங்கும் மேடு என்று அர்த்தமாம். நாம் நெய்கிற கழுகுச் சின்னமும் அவர்கள் வரைந்து கொடுத்தது. அவர்களுக்கு அது குலத்தின் முதல் தாய். பள்ளியை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெயரையும் சின்னத்தையும் திருப்பிக் கொடுங்கள் என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டார்.

பள்ளி கேட்டது கொடி. மிதியடி என்றால் தேயும், வருஷா வருஷம் ஆர்டர் வரும் என்று பேசி மாற்றியது நான். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது? ஆர்டர் பிடித்துத் தந்த எழிலரசி, "மாமா, இனி அந்த ஸ்கூல் வாசல்ல நான் எப்படிங்க கார் நிறுத்தறது" என்கிறாள். தென்றல், "டிட் யூ ஆஸ்க் தெம், தாத்தா?" என்று கேட்டதோடு சரி. என்னோடு பேசுவதில்லை.

நேற்று அகிலனைக் கூட்டிக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்கே போனேன். திட்டவில்லை. மாதிரியை அலசிக் காயப்போட்டிருந்தார். மீதி எங்கே, அதன்மேல் யார் நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். நெய்ததில் குறை விழுந்தவற்றை நீ வழக்கம்போல நஞ்சுண்டன் கடைக்கு எடைக்குப் போட்டிருப்பாயோ என்றுதான் அப்போது நினைத்தேன். போட்டிருந்தால், யாருக்கு விற்றான் என்று கேட்டு நீயே போய், என்ன விலை சொன்னாலும் வாங்கி வா. கிடங்கில் இருப்பவற்றின்மேல் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்.

பேசி முடித்தது இது. நெய்தவை எல்லாம் அவருக்கு, இனாம். தறியில் பாதியில் நிற்பதை அறுக்காமல் முடித்து அனுப்ப வேண்டும். பள்ளி முதலில் கேட்ட கொடியைப் பழைய விலைக்கே நெய்து தருகிறோம், மாதிரிப் படத்தை அவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு. பள்ளிக்குப் பெயர் நிற்பதற்கு அவர் கேட்ட கிரயம் ஒன்றுதான்: நம் கரூரில் எந்த வீட்டு வாசலிலும் அந்தக் கழுகு கிடக்கக் கூடாது.

இப்படிக்கு,
சுப்பையன்