நாலு மணிக்கு முன் ஒளிக்க வேண்டியவை

திலகம் அக்கா,

ஈஜோக்கிலிருந்து பெண் வீட்டார் நாலு மணிக்குத்தான் வருகிறார்கள். நான் மூன்றரைக்கே வந்துவிடுவேன், ஓடிவிட மாட்டேன். பலகாரத்துக்குக் கறிபாப் வாங்கி மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன்.

ஜோசியம் பார்க்கிற என் டாரோ சீட்டுக்கட்டுகள் ஏழையும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். நீ சொன்னது சரிதான். எலும்புக்கூடு படத்தை ஆசையாகச் சேர்ப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்படியும் கண்ணில் பட்டு ஜோசியம் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல். தெரிந்திருந்தால் லெட்சுமியை ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன்.

நேற்று ராணிச் சீட்டின் மேல் நீ கோப்பி கிளாஸை வைத்ததற்குக் கத்தினேன். "பொண்டாட்டி போனப்பகூட வாயத் தொறக்கல, இந்த அட்டைக்குப் போயி கத்துறியேடா" என்றாய். அதுவும் வெறும் நகல்தான். அசல் ஐந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் வரைந்த கட்டு. அதில் நாலு சீட்டு தொலைந்துபோய், யாரோ புதிதாக வரைந்து சேர்த்திருக்கிறார்கள். நன்றாகவே வரைந்திருக்கிறார்கள். இதற்கும் இன்றைய விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

அழகேசன்

பி.கு.: ஹாலில் லெட்சுமி படத்தை இன்று ஒருநாள் கழற்றச் சொன்னாயே, காலையில் நானே கழற்றிவிட்டேன். அதில் போட்டிருந்த மாலை சாமி மேடையில் இருக்கிறது. படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆபீஸ் பையில் எடுத்துப் போகிறேன். அவர்கள் வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். கேட்டால் ஆபீஸ் ஃபைல் என்று சொல்லிவிடு.