ஏழுமலை எடுத்த மலைப்படம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் விடைத்தாள்கள் நாற்பது, மேசைமேல் அப்படியே.

வெளிநாடு ஒன்றில் ஆயுதக் கிடங்கு வெடித்து ஆறு நாள். அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அயல்நாட்டுச் சதி என்று முதல் நாளே அறிவித்துவிட்டார்கள். இன்று அந்த அயல்நாட்டானைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். என் தம்பி ஏழுமலை. நான்கு ஆண்டுகளாக அங்கே பெட்டி தூக்கும் ஒப்பந்தக் கூலி. முகம் வீங்கியிருந்தது. சட்டை அவனுடையது அல்ல.

ஆதாரமாம்: அவன் கைப்பேசியில் ஒரு புகைப்படம். உள்ளே கிடங்கு குடைந்து வைத்திருந்த பாறைமலை. யாருக்கு அனுப்பினான் என்று தேடுகிறார்களாம். எனக்குத்தான். கூடவே குரல்பதிவு: "அண்ணா, இத்தப் பாரேன். நம்ம ராஜகிரி மாதிரியே இருக்குது. எவனோ பேத்து எடுத்துக்கினு வந்து இங்க வச்சிட்டான்."

ராஜகிரிக் கோட்டையைப் பார்த்து வளர்ந்த செஞ்சிக்காரன் எவனும் செய்யக்கூடிய பிழை. உருண்டைப் பாறைகள் குவிந்து கிடந்தால் போதும், நமக்கு அது ஊர்.

ஆகஸ்ட் 6, புதன்

சாதாரண உடையில் போலீசார் இருவர், பள்ளிக்கே. பாதி வகுப்பில் தலைமையாசிரியர் அறைக்கு அழைப்பு.

"நீங்க இன்னா சப்ஜெக்ட் சார்?"

"கெமிஸ்ட்ரி."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்போ வெடிமருந்துலாம் தெரியும்."

"பதினொன்னாவது புக்லயே இருக்குது. முந்நூறு புள்ளைங்களுக்குத் தெரியும். லிஸ்ட் வேணுமா?"

இளையவர் சிரித்துவிட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. என் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது நம்ம ராஜகிரியாச்சே."

"இப்போ சொன்னீங்களே, அத அப்டியே எழுதிக்குங்க."

"அதெல்லாம் எழுத முடியாது சார்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாலையில் தூறல். நம் தூதரை வெளியேறச் சொல்லிவிட்டது அந்த நாடு. டெல்லியின் மறுமொழி: ஆழ்ந்த கவலை.

ஆறு மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, தட்டச்சு செய்த தாளுடன் வீட்டுக்கு. அதில்: ஏழுமலை என்பவருக்கும் குடும்பத்துக்கும் நான்கு ஆண்டுகளாகத் தொடர்பில்லை. அவர் முறையான அனுமதியின்றித் தாமாகச் சென்றவர். கீழே என் பெயர், அவன் மனைவி கஸ்தூரியின் பெயர்.

"ரெண்டு பக்கமும் டென்ஷன் குறையும் சார். ஒரு கையெழுத்துதான்."

"போட்டா அவன் வந்துடுவானா?"

"அது... மேல பேசிக்கினு இருக்காங்க."

கஸ்தூரி அப்போதுதான் செஞ்சிச் சந்தையிலிருந்து வந்தாள். வாசித்துக் காட்டினேன். கூடையை இறக்காமலே கேட்டாள்: "நாலு வருஷமா பேசலியாமா? போன மாசம் மல்லாட்டைக் கொல்லைக்கு எப்போ தண்ணி கட்டணும்னு போன்ல சொன்னது யாரு சார், பேயா?"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவரு. புரிஞ்சுக்குவீங்க."

புரிந்துகொண்டேன். அவனைத் திருப்பிக் கேட்பது கடினம். அவன் யாரென்றே தெரியாது என்பது எளிது. அந்த எளிமைக்கு என் கையெழுத்து தேவைப்படுகிறது. தாளை மடிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

கோபத்தில் கை நடுங்கும் என்பார்கள். இன்றுபோல் என் எழுத்து என்றும் இவ்வளவு சீராக வந்ததில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பேருந்து நிலையத் தேநீர்க்கடை. பின்னாலிருந்து ஒருவன்: "அதோ பாரு, பாம் வாத்தியாரு." அவனுக்கு எதிரிலேயே போய் அமர்ந்து, கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவன் பாதியில் எழுந்து போனான்.

தலைமையாசிரியர் தொலைபேசியில்: சில நாள் விடுப்பு எடுங்களேன். எடுக்க மாட்டேன்.

திங்களுக்கு:
மனு, 3 பிரதி
கடவுச்சீட்டு நகல்
குரல்பதிவு, பென்டிரைவில்
இரு படங்கள் ஒரே தாளில்: அவன் அனுப்பியது, இன்று நான் எடுத்த ராஜகிரி
கஸ்தூரிக்கு பஸ் நேரம் சொல்ல

விடைத்தாள் பன்னிரண்டு திருத்தியாயிற்று. மூவர் தேறவில்லை. அவன் அங்கே சாப்பிட்டிருப்பானா?

ஆகஸ்ட் 11, திங்கள்

கஸ்தூரியோடு விழுப்புரம். ஆட்சியர் அலுவலகம், மக்கள் குறைதீர் நாள். மின்விசிறி ஓடவில்லை. இங்கிருந்தே எழுதுகிறேன்.

எழுத்தர் மனுவைப் புரட்டினார். "எதிர்மனுதாரர்னு ரெண்டு கவர்மென்ட்டயும் போட்டிருக்கீங்களே?"

"ஆமா. ஒண்ணு புடிச்சு வச்சிருக்குது. ஒண்ணு கேக்க மாட்டேங்குது."

"சென்சிட்டிவ் மேட்டர் சார். இதுக்கு நம்பர் போட முடியாது."

"முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

போடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். இருபது நிமிடமாகிறது. வரிசையில் முணுமுணுப்பு. வாசலிலிருந்து காவலர் ஒருவர் எங்களை நோக்கி வருகிறார்.

கஸ்தூரி நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டாள். "நீங்களும் உக்காருங்க மாமா. நம்பர் வாங்காம இங்கேர்ந்து ஏந்துக்கிறதில்ல."

உட்கார்ந்துவிட்டேன்.