சைகோனுக்குப் போகாதவனுக்கு

மழை விட்டதும் பெட்டியைத் திறந்து வக்கீல் அங்கியை வெயிலில் போட்டேன். கற்பூரமும் பூஞ்சையும் கலந்த வாடை. கொல்லையில் நின்றபடியே உன்னை நினைத்துக்கொண்டேன். புதுச்சேரியில் ஒரே அறையில் தங்கி, பிரெஞ்சில் சட்டம் படித்து, ஒரே தையற்காரரிடம் இருவரும் தைத்துக்கொண்ட அங்கி இது.

காரைக்கால் கோர்ட்டுக்கு இருவருமாகத்தான் போக ஆரம்பித்தோம். சில மாதங்களில் நீ வருவது நின்றது. உன் வாப்பாவின் ஜவுளிக்கடைக்குப் போய்க் கேட்டேன். "சைகோனுக்குப் போயிட்டான் தம்பி. அங்க நல்ல வேலை" என்றார், என் முகத்தைப் பாராமல். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாயே என்று உன்மேல் கோபமாக இருந்தேன்.

அடுத்த கோடையில் ஒரு வேலித் தகராறு விஷயமாக ஊருக்கு வெளியே இருந்த தொழுநோய் இல்லத்துக்குப் போனேன். கூடத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். முழங்கையருகே வெளுத்த படை.

"இதாடா சைகோன்?" என்றேன்.

"கப்பல் செலவு மிச்சம்" என்று சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை.

இல்லத்தை நடத்திய மதர், மாத்திரை வாங்க வழியில்லை என்று அன்று சொன்னார். கோர்ட் இல்லாத நாட்களில் வீடு வீடாக ஏறி நன்கொடை கேட்கத் தொடங்கினேன். நாளடைவில் கோர்ட்டுக்குப் போகும் நாட்கள் குறைந்தன. பிரெஞ்சுக்காரன் போனதால் பிழைப்பு போயிற்று என்று ஊர் பேசிக்கொண்டது. அதுவல்ல காரணம் என்பது உனக்குத் தெரியும்.

"அங்கி போட்டு நிக்க வேண்டிய புள்ள, கண்ட வாசல்லயும் கையேந்தி நிக்கிறியே" என்று அம்மா அழுதாள்.

நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "எம் பேரச் சொல்லி மட்டும் யார்கிட்டயும் கேக்காதடா. தங்கச்சிக்கு இன்னும் நிக்காஹ் ஆகல."

பல கடைகள் ஏறிய பிறகுதான் உன் வாப்பாவின் கடைப்படியை மிதிக்கத் துணிந்தேன். இல்லத்துக்கு உதவி வேண்டும் என்றேன். கூட்டமாக ஆட்கள் இருந்தார்கள். கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். பிறகு துணியை மடித்தபடி, "அங்க இருக்கிறவங்களுக்குச் சோறு சூடா கிடைக்குதா தம்பி?" என்றார்.

"கிடைக்குதுங்க."

அன்று மாலை உன்னிடம் வந்து சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். திரும்பாமலே, "வாப்பா மெலிஞ்சிருக்காங்களா?" என்று கேட்டாய்.

மாத்திரை வந்தது, படையும் மங்கத் தொடங்கியது. ஆனால் ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. இல்லத்துச் சமையற்காரர் காசிம் பாய்தான் யாசீன் ஓதினார். எனக்குத் தெரிந்தது மாதாவிடம் சொல்லும் ஜெபம் மட்டுமே. அதை மனசுக்குள் சொன்னேன்.

கடைக்குப் போனேன். உன் வாப்பா யாருக்கோ மல் துணி அளந்துகொண்டிருந்தார். "இல்லத்துல ஒருத்தர் தவறிட்டாருங்க" என்றேன்.

கை நின்றது. "யாசீன் ஓதுனாங்களா?"

"ஓதுனாங்க."

"சரி தம்பி" என்று மறுபடி அளந்தார். அதே துணியை இன்னொரு முறையும் அளந்தார். "என்ன மரைக்காரே, அளந்ததயே அளக்கிறீங்க?" என்றார் வாங்க வந்தவர். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

உன் தங்கைக்கு நல்ல இடத்தில் நிக்காஹ் ஆகிவிட்டது. இல்லத்துக்கு ஓட்டுக்கூரை வந்துவிட்டது. முழுநேரமும் எனக்கு இதே வேலைதான். யாராவது இறந்தால் வீட்டுக்கு நாலு பேர் வந்து துக்கம் விசாரிப்பார்கள். உனக்காக என்னிடம் யாரும் விசாரித்ததில்லை, விசாரிக்கவும் முடியாது. சொல்லி அழ ஆளில்லாத அந்தத் துக்கத்தோடுதான் ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்கிறேன். உள்ளிருந்து யாராவது வரும்வரை நிற்க இப்போதெல்லாம் எனக்குக் கூச்சமில்லை.