பளபளத்த தொட்டி

ஜூலை 9, செவ்வாய்.

உடம்பெல்லாம் அசதி. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் ஃப்ரீசர் கெட்டு, நான் வளர்த்து வைத்திருந்த பாக்டீரியா மொத்தமும் செத்துப்போனது. வெந்நீரில் வாழ்கிற வகை அது. அதன் நொதி, எண்பது டிகிரி சூட்டிலும் கெடாமல் ஆர்.என்.ஏ.வைச் சரியான இடத்தில் வெட்டியது. இன்னொரு முறை செய்து காட்டினால்தான் நம்புவேன் என்கிறார் என் பிஎச்.டி. கைடு. அதனால் அந்த பாக்டீரியா முதலில் கிடைத்த இடத்துக்கே இன்று போனேன். ஆரணி அரிசி ஆலையில் நெல்லை வெந்நீரில் ஊறவைக்கும் தொட்டி.

மேஸ்திரி வாசலிலேயே சிரித்துக்கொண்டு நின்றார். "வாம்மா. நீ வர்றேன்னு போன் பண்ணதுமே தொட்டிய பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சிக் கழுவிட்டோம். போன தபா அழுக்குத் தண்ணிய எடுத்துகினு போன. எங்களுக்கே பேஜாரா பூடுச்சி."

தொட்டி பளபளத்தது. என் பாக்டீரியா குடியிருந்த, சுவரில் படிந்திருந்த பழுப்பு வழவழப்பு துளிகூட இல்லை.

"இப்ப கிருமி எதுனா இருக்குமா?"

"இருக்காதுங்கண்ணா" என்றேன்.

என் பாட்டிலையும் வாங்கி, அவரே இரண்டு முறை அலசி, தொட்டித் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தார். டீ வாங்கித் தந்தார். பஸ் ஏற்றிவிட வந்தவர் ஜன்னலோரம் நின்று, "இனிமே மாசாமாசம் கழுவிடறோம்மா. நீ எப்ப வேணா வா" என்றார். தலையாட்டினேன்.

கைடிடம் நாளைக்கு என்ன சொல்ல? பாட்டில் மேசைமேல்தான் இருக்கிறது. அவ்வளவு சுத்தமான தண்ணீர்.