காந்தப் பட்டை

கிள்ளான்
மலாயா
12.3.1944

தம்பி அய்யாவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. நேற்று எங்கள் வார்டில் ஒருவர் மலேரியாவில் செத்துப்போனார். ரப்பர் தோட்டத்து வள்ளியம்மாவின் கணவர். உடம்பைத் துடைக்கும்போது இடுப்பில் ஒரு துணிப்பட்டை. பிரித்தால் உள்ளே காந்தத் துண்டுகள்.

"பிரிக்பீல்ட்ஸ் அய்யாவு வித்தது மிஸ்ஸி. ரத்தத்துல இரும்பு இருக்காம், காந்தம் காய்ச்சலை இழுத்துரும்னு சொன்னாரு" என்று நர்ஸ் என்னிடமே சொன்னாள் வள்ளியம்மா.

செந்தூல் ரயில் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றியவன் நீ. ஆணி ஒட்டுவது போல ரத்தத்து இரும்பு காந்தத்தில் ஒட்டாது என்று உனக்குத் தெரியாதா? உடனே நிறுத்து.

உன் அக்கா,
தங்கமணி

பிரிக்பீல்ட்ஸ்
17.3.1944

அக்காவுக்கு,

இதைத் தபாலில் போட முடியாது, ஜப்பான்காரன் பிரித்துப் படிப்பான். லோரிக்கார மூசாவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் ஆஸ்பத்திரியில் மலேரியா மருந்து கொயினா இருந்ததா? எல்லாம் ஜப்பான்காரன் பட்டாளத்துக்குப் போய்விட்டது. என்னைக் கேட்க வந்துவிட்டீர்கள்!

இதயத்தைத் துடிக்க வைப்பதே மின்சாரம்தான் என்று சொன்னது யார்? நீங்கள். மின்சாரம் ஓடும் இடமெல்லாம் காந்தமும் உண்டு. சூரிய வெளிச்சமே அவை இரண்டும் சேர்ந்த அலைதான். இதில் எது பொய்?

பட்டறையிலிருந்து துரத்தப்பட்டவன் நான். என் பிள்ளைகள் மரவள்ளியே தின்று வயிறு வீங்கிக் கிடக்கிறார்கள். உங்களுக்கு ஆஸ்பத்திரி அரிசி வருகிறது.

அய்யாவு

கிள்ளான்
20.3.1944

அய்யாவு,

நீ எழுதிய ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மைகளை வைத்துத்தான் ஒரு பொய்யை விற்றிருக்கிறாய். அந்தச் சூரிய வெளிச்சத்தில்தான் இலை வளர்கிறது, உன் மரவள்ளியும் விளைகிறது. பூமியே காந்தமாக இருப்பதால்தான் திசைகாட்டி முள் வடக்கே நிற்கிறது. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் வருகிறது. உன் பட்டை மட்டும் மலேரியாக் கிருமியை எப்படிக் கொல்லும்? சொல்.

அவர் செத்த அன்று எங்களிடம் கொயினா இல்லை. ஆனால் முதல் காய்ச்சல் வந்த வாரம் இருந்தது. பட்டை கட்டியாயிற்றே என்று வள்ளியம்மா அவரை அழைத்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போகிறேன். இன்னும் நிறையப் பேர் கட்டியிருக்கிறார்களாம். நீயும் வா. உன் வாயால் சொன்னால்தான் அவிழ்ப்பார்கள்.

அக்கா

கிள்ளான்
27.3.1944

அய்யாவு,

நீ வரவில்லை. மதியம் வரை தோட்டத்து வாசலில் வெயிலில் நின்றேன். பிறகு தனியாகப் போய், விற்றவன் என் தம்பி, அவன் சொன்னது பொய் என்று வீடு வீடாகச் சொன்னேன். சிலர் அவிழ்த்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள்.

"உங்க தம்பி விவரம் தெரியாமத்தான் குடுத்திருப்பாரு, இல்ல மிஸ்ஸி?" என்று கேட்டாள் வள்ளியம்மா.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"தெரிஞ்சுதாம்மா குடுத்தான்" என்றேன்.

இனி எனக்கு எழுதாதே.

தங்கமணி